வியாழக்கிழமை உங்கள் வாசலுக்கு வருவார்

ராடோய் கிரென்சரோவ் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை, மறைக்கவும் பயம். நாய்க்குப் பயம், தொலைபேசி மணிக்குப் பயம், கூட்டத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் பயம். ஸ்பெயினில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்கி வைத்துப் பல வருடம் பிழைத்தவன், ஊர் திரும்பிய விமானத்தில் கண்ணைத் திறக்கவே இல்லை. விமானம் தரை இறங்கி, ஆட்கள் எல்லாம் போய், கூட்டிப் பெருக்க வந்த பெண்தான் அவனை எழுப்பி வெளியே அனுப்பினாள் என்று ஒரு பேச்சு உண்டு. கூட்டிய பெண் எனக்குத் தெரிந்தவள்தான் என்று சத்தியம் செய்பவர்கள் இன்றைக்கும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவன் ஒரு தொழில் தொடங்கக் கிளம்பினான் என்றால் அதற்குக் காரணம் அவன் அப்பா. டான்யூப் கரையில் பல்கேரியப் பக்கம் இருக்கிற அந்த ஊரில், பழைய அரசாங்கம் கட்டிவிட்டுப் போன கான்கிரீட் குடியிருப்புகள் வரிசையாக நிற்கும். ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. பிள்ளைகள் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டார்கள், முட்டி தேய்ந்த பெற்றோர் மேலேயே தங்கிவிட்டார்கள். ராடோயின் அப்பா நாலாவது மாடியில் இருந்தார். கடைசி வருடங்களில் அவர் கீழே இறங்கியது ஒரே ஒரு முறை. அதுவும் பெட்டிக்குள்.

ஊரிலிருந்த பல்கலைக்கழகத்தில் தொழில் வளர்ப்பகம் ஒன்று உண்டு. இன்குபேட்டர் என்று வாசலில் பலகை தொங்கும். பிழைப்புக்குப் பிழைப்பும் ஆயிற்று, ஊருக்கும் நல்லதாயிற்று என்கிற மாதிரி ஒரு யோசனையோடு யார் வந்தாலும் ஒரு மேசை கொடுப்பார்கள், பேசக் கற்றுக்கொடுப்பார்கள், இயந்திரம் வேண்டுமென்றால் பொறியியல் துறையை நச்சரித்து வாங்கித் தருவார்கள். ராடோய் அந்தப் பலகை வரைக்கும் பல நாள் போய்த் திரும்பினான். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே ஒதுங்கினான். ஒதுங்கியவனின் பெயரைக் கேட்டுப் பதிவு செய்துவிட்டார் விஹ்ரா.

விஹ்ராதான் வளர்ப்பகத்தின் தலைவி. பொருளாதாரப் பேராசிரியை, அகன்ற தோள், அதைவிட அகன்ற குரல். யார் என்ன சொன்னாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பயனாளிகிட்டப் பேசினீங்களா?"

ராடோயின் யோசனை அவருக்குப் பிடித்துப்போயிற்று. படி இறங்க முடியாத முதியவர்களை நாற்காலியில் வைத்து இறக்குவது. கொஞ்ச நேரம் வெயில், கடை, மருத்துவர். பிறகு மேலே ஏற்றி விடுவது. முடிந்தவர்கள் கொடுப்பதைக் கொடுக்கலாம். மீதியை வெளிநாட்டுப் பிள்ளைகள் கொடுப்பார்கள். பொறியியல் மாணவர்கள் நாற்காலியைச் செய்து கொடுத்தார்கள். டாங்கி வண்டிக்கு இருப்பதுபோல இரண்டு பக்கமும் ரப்பர் பட்டை, நடுவில் மோட்டார். கிளப்பினால் கரடி மாதிரி உறுமும். யாரும் தொடாமலே ஒரு தடவை அது துறைத்தலைவரின் மேசைமேல் ஏறி நின்றுகொண்டது. அதற்கு இறங்க மனமில்லாததால், அந்த வாரம் முழுக்க துறைத்தலைவர் ஜன்னல் விளிம்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் கிடைத்தது. நாற்காலியில் உட்காரத்தான் ஆள் கிடைக்கவில்லை.

ஏனென்றால் அந்த ஊர்க் கிழவர்கள் கதவு திறப்பதை நிறுத்தியிருந்தார்கள். முந்தின குளிர்காலத்தில் ஒரு திருட்டுக் கூட்டம் வீடு வீடாகத் தொலைபேசியில் பேசியது: "நாங்க போலீஸ். திருடனப் பிடிக்கப் போறோம். உங்க சேமிப்பப் பையில கட்டி பால்கனியிலேர்ந்து கீழ போடுங்க, அவன் எடுக்க வரும்போது அமுக்கிடுவோம்." மூன்றாம் மாடி பெஞ்சோ கிழவர் அப்படித்தான் போட்டார். பை கீழே விழுந்ததைப் பார்த்தார், ஒருவன் எடுத்ததைப் பார்த்தார், பிடிக்க யாரும் வராததையும் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் குடியிருப்புகளில் தட்டிய கதவு எதுவும் திறக்கவில்லை. தபால்காரரே படிக்கட்டிலிருந்து கத்திப் படித்துவிட்டுப் போனார்.

விஹ்ரா ஒரு திங்கட்கிழமை ராடோயை உட்கார வைத்தார்.

"அடுத்த வாரம் விளக்க நாள். தலைநகர்லேர்ந்து நடுவர் குழு வருது. உங்க நாற்காலியில உட்கார்ந்து கீழ வந்த ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, அங்க எந்திரிச்சுப் பேசணும். இல்லேன்னா நாற்காலிய அந்தப் பசங்களுக்குக் குடுத்துடச் சொல்லிட்டாங்க."

அந்தப் பசங்கள் பக்கத்து மேசையில் இருந்தார்கள். மொட்டைமாடி மதுக்கடைக்குப் பீர் பீப்பாய் ஏற்ற நாற்காலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து குடிப்பதும் சமூக சேவைதான் என்பது அவர்கள் வாதம்.

ராடோய் தன் நாற்காலிப் பக்கம் ஒதுங்கினான். "யாரும் திறக்க மாட்டேங்கறாங்களே, மேடம்."

"முகம் தெரியாதவனுக்கு யாரு திறப்பா? முகத்தக் காட்டுங்க. ஒரு தாள். உங்க படம், பேரு, என்ன செய்யறீங்க, எப்ப வர்றீங்க. அவ்வளவுதான். பயப்படறவங்களுக்குச் சின்னச் சின்ன வாக்கியம் போதும்."

ராடோயிடம் இருந்தது ஒரே படம், பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. கேமராவுக்குப் பயந்து, மூச்சை நிறுத்தி, கண்ணை அகல விரித்து வைத்திருப்பான். வளர்ப்பகத்து அச்சு இயந்திரத்தில் வண்ண மை தீர்ந்து போயிருந்தது. சுற்றிலும் ஒரு கட்டம் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று கணினி முன்னால் இருந்த மாணவி சொன்னாள். கறுப்பில் தடிமனாகப் போட்டாள். தாள் இப்படி வந்தது:

*ராடோய் பெத்ரோவ் கிரென்சரோவ். தானாக இறங்க முடியாதவர்களுக்காக. வியாழக்கிழமை காலை உங்கள் வாசலுக்கு வருவார். உங்களைக் கீழே கொண்டு செல்வார். பயப்பட வேண்டாம். எதையும் எடுத்து வரத் தேவையில்லை.*

விஹ்ரா பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். ராடோய் பார்த்தான், தன் படத்தைப் பார்க்கப் பயந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான். மாணவி பார்க்கவே இல்லை. அவன் பசை வாளியோடு கிளம்பிப் போய் ஒவ்வொரு குடியிருப்பின் வாசல் கதவிலும், பேருந்து நிறுத்தத்திலும், எலுமிச்சை நிறப் பூ பூக்கிற லிண்டன் மரங்களிலும் ஒட்டினான். எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று அவன் யோசிக்கவில்லை. கை தானாகப் போயிற்று.

அந்த நாட்டில் ஒருவர் இறந்தால், அவர் படமும் பெயரும் போட்டுக் கறுப்புக் கட்டம் கட்டிய தாளை வாசல் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் மரத்திலும் ஒட்டுவது வழக்கம். நாற்பதாம் நாளுக்கு ஒரு தாள், வருடம் திரும்பினால் இன்னொன்று. பிறந்த நாளிலிருந்து எல்லோரும் அவற்றுக்கு நடுவிலேயே நடமாடுவதால், தாமே அப்படி ஒன்றைச் செய்தாலும் அது கண்ணில் படுவதில்லை. பேராசிரியை கண்ணிலும் படவில்லை, பசை வாளிக்காரன் கண்ணிலும் படவில்லை. மற்றபடி அந்த ஊரில் எல்லோர் கண்ணிலும் பட்டது.

மறுநாள் காலை பலகாரக் கடையில் சீஸ் வைத்த பனிட்சா வாங்கப் போனான். கடைக்காரி நிமிர்ந்தாள். கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. மூன்று முறை சிலுவைக்குறி போட்டாள்.

"எடுத்துக்க தம்பி," என்றாள் மெல்ல. "காசெல்லாம் வேணாம். கடவுள் உன்ன மன்னிக்கட்டும்."

"நான் என்ன செஞ்சேன், அக்கா?"

"இப்ப ஏன் அதெல்லாம். போய்ச் சேரு."

வெளியே பெஞ்சில் பீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் அவனைப் பார்த்ததும் எழுந்து, தொப்பியைக் கழற்றி, இறந்தவர் பங்காகப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் மண்ணில் ஊற்றினார். ராடோய் நடையைக் கூட்டினான். பின்னால் ஒரு நாய் வந்தது. எப்போதும் அவனைப் பார்த்துக் குரைக்கிற நாய். அன்றைக்குக் குரைக்கவில்லை, வாலை இடுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்து உட்கார்ந்துவிட்டது. நாய் குரைப்பதற்குப் பயந்தவனுக்கு, அது குரைக்காதது இன்னும் பெரிய பயமாக இருந்தது.  முகத்தில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பார்க்க, குடியிருப்பு வாசலின் கண்ணாடிக் கதவுப் பக்கம் போனான்.

கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தடவையும் தெரிந்தது: ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் தாளுக்கும் போன மாதம் இறந்த தையற்காரியின் தாளுக்கும் நடுவில், கறுப்புக் கட்டத்துக்குள், கண்ணை அகல விரித்தபடி.

ராடோய் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். நாடி கிடைக்கவில்லை. கழுத்தைப் பிடித்தான்; அங்கேயும் கிடைக்கவில்லை. பயத்தில் நாடிக்கே துடிக்க மறந்துபோயிருக்க வேண்டும். தாளின் மூலையைப் பிடித்து இழுத்தான்.

"ஏண்டா, செத்தவன் முகத்தக் கிழிக்கறியே, வெக்கமா இல்ல? அது காத்து கொண்டுபோகணும், மழை கொண்டுபோகணும். மனுஷன் கை வெக்கலாமா? எங்க, உன் முகத்தக் காட்டு, நான் பாக்க-" என்று பின்னால் வந்த ஒரு பெண், அவன் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். காய்கறிப் பையை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு அவளும் அதன் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்துகொண்டாள்.

ராடோய் வளர்ப்பகம் வரைக்கும் ஓடினான்.

"மேடம், நான் செத்துட்டேன்."

விஹ்ரா தாளை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருடைய அகன்ற குரல் முதல் தடவையாகச் சுருங்கிற்று. "எத்தன இடத்துல ஒட்டினீங்க?"

"எல்லா இடத்துலயும்."

"எல்லாத்தையும் எடுத்துடலாமா?"

"தொட விட மாட்டாங்க. பாவம்கறாங்க."

பக்கத்து மேசைப் பசங்கள் சத்தமில்லாமல் நாற்காலியின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

"வியாழக்கிழம போங்க," என்றார் விஹ்ரா. "நேர்ல பேசுங்க. பயனாளிகிட்டப் பேசாம நாம எதையும் முடிவு பண்றதில்ல. என்ன நடந்தாலும் சரி."

"பயந்துடுவாங்களே."

"நீங்களும்தான் பயப்படறீங்க. சமமா இருக்கும்."

வியாழக்கிழமை வந்தது. ராடோய் நாற்காலியைப் படிக்கட்டில் உறுமவிட்டு ஏறினான். அவன் ஏற ஏற, உள்ளே தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விழுவது கேட்டது. கதவிலிருந்த பார்வைத் துளைகள் இருண்டன, பிறகு வெளுத்தன. ஒரு வீட்டில் யாரோ ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, முதலிலிருந்து தொடங்கினார்கள். மூன்றாவது மாடியில் அவன் தட்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து பெஞ்சோ கிழவர் குரல் கொடுத்தார்.

"நான் வீட்ல இல்லப்பா."

"பெஞ்சோ ஐயா, நான்-"

"அஞ்சாவது மாடில வெலிகான்னு ஒருத்தி இருக்கா. என்ன விட மூத்தவ. வயசுதான் முக்கியம்னா அவளக் கூட்டிட்டுப் போ. நான் இன்னும் மருந்து முழுசா சாப்பிட்டு முடிக்கல."

ஐந்தாவது மாடியில் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

வெலிகா அத்தை கூடத்தில் நின்றாள். ரவிக்கை, பாவாடை, தலைத்துணி, காலணி எல்லாம் புத்தம் புதுசு, எல்லாம் கறுப்பு. தன்னைப் புதைக்கும்போது போட வேண்டுமென்று அந்த ஊர்ப் பெண்கள் அலமாரியின் அடித்தட்டில் எடுத்து வைத்திருப்பார்களே, அந்தத் துணி. பாச்சை உருண்டை வாசனை படிக்கட்டு வரைக்கும் அடித்தது.

"கொஞ்சம் தாமதமாயிடுச்சு உனக்கு," என்றாள். "பரவால்ல. எதுவும் எடுத்துட்டு வர வேணாம்னு எழுதியிருந்துச்சு. நான் எடுக்கல."

ராடோய்க்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தான். "அத்தை, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் சாகல. உயிரோடதான் இருக்கேன்."

அத்தையின் முகம் மாறிற்று. கை கதவுக்குப் போயிற்று.

"உயிரோட இருக்கறவனா? அப்ப கிளம்பு. உயிரோட இருக்கறவனுக்கு இந்தக் கதவு திறக்காது. செத்தவன் நம்பிக்கையானவன், பென்ஷனத் திருட மாட்டான். நீ யாருடா, போலீஸ்னு சொல்லிக்கிட்டு வந்தவனா?"

கதவு சாத்திக்கொண்டே வந்தது. விரல்கடை இடைவெளியில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்த இடைவெளி மூடினால் நாற்காலி போயிற்று. இவளும் அப்பா மாதிரிதான் இறங்குவாள்.

"செத்துட்டேன், அத்தை," என்றான் ராடோய்.

கதவு திறந்தது.

அவளை உட்கார வைத்து இடுப்புப் பட்டையை மாட்டும்போது அவன் விரல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஸ்பெயினில் நூற்றுக்கணக்கான பேருக்கு மாட்டிய பட்டைதான். ஆனால் அங்கே யாருக்கும் அவன் பொய் சொன்னதில்லை. பையைக் கீழே போடச் சொன்ன அந்தத் தொலைபேசிக் குரலுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தான்.  மோட்டார் உறுமிற்று. நாற்காலி முதல் படியில் முன்னால் சாய்ந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

"வலிச்சுதா உனக்கு?"

"எது அத்தை?"

"செத்தது."

"தூக்கத்துல... தெரியல."

"கொடுத்து வெச்சவன்." நாலாவது மாடி வந்தது. "கிரென்சரோவ்னு போட்டிருந்துச்சே. எதிர்க் குடியிருப்புல கிரென்சரோவ் பெத்தர்னு ஒருத்தர் இருந்தாரு. நானும் அவரும் பால்கனிக்குப் பால்கனி கையாட்டிக்குவோம். உனக்கு என்ன வேணும்?"

"அப்பா."

"அங்க பாத்தியா அவர?"

ராடோய் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது மோட்டார் நின்றது. உறுமல் அடங்கிற்று, ரப்பர் பட்டை வழுக்கிற்று, நாற்காலி ஒரு படி தானாக இறங்கிற்று, இன்னொரு படி. ராடோய் எட்டிக் குதித்து முன்னால் போய் முதுகைக் கொடுத்தான். நாற்காலியும் அத்தையும் பாச்சை உருண்டை வாசனையும் மொத்தமாக அவன் தோள்மேல் வந்து இறங்கின. கீழே பார்த்தால் படிகள் கிணறு மாதிரி சுற்றிச் சுற்றிப் போயின. அம்மா என்று கத்தினான். அம்மா இறந்து வெகு நாளாயிற்று. இருந்தாலும் கத்தினான்.

 அவன் உடம்பு முழுக்க ஆடியது. அதோடு நாற்காலியும் ஆடியது. அதில் அத்தையும் ஆடினாள்.

"செத்தவனுக்கு இவ்ளோ வேர்க்குமா, தம்பி?"

அவனால் அதற்குமேல் முடியவில்லை. "நான் சாகல அத்தை. அப்பாவ எங்கயும் பாக்கல. பொய் சொல்லிட்டேன். திரும்ப மேலயே கொண்டுபோய் விட்டுடறேன்."

முதுகில் ஒரு கை பட்டது. எலும்பும் தோலுமான கை. இதயம் இருக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"அடேயப்பா," என்றாள் அத்தை. "உள்ள என்னடா மாட்டப் பூட்டி வெச்சிருக்க? இந்த இடி இடிக்குது." பிறகு கேட்டாள்: "மேல ஏத்தறது கஷ்டமா, கீழ இறக்கறது கஷ்டமா?"

"ரெண்டும் கஷ்டம்தான்."

"அப்பக் கீழயே போ."

மோட்டார் எதனாலோ மறுபடி உறுமிற்று. அத்தை இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

வெளியே வெயில் அடித்தது. லிண்டன் மரத்தடியில் நாற்காலியை நிறுத்தியதும் அத்தை முதலில் தரையைப் பார்த்தாள், பிறகு புதுக் காலணியைத் தரையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். எதிரே தானாகக் காபி ஊற்றும் பெட்டி ஒன்று நின்றது. அவள் கடைசியாக இறங்கியபோது அது அங்கே இல்லை. ராடோய் ஒரு கோப்பை வாங்கி வந்தான். வருவதற்குள் பாதி அவன் கையிலேயே சிந்தியிருந்தது.

மூன்றாவது மாடி பால்கனியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"வெலிகா," என்று பெஞ்சோ கிழவர் நடுங்குகிற குரலில் கூப்பிட்டார். "அங்க எப்படி இருக்கு?"

அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். "குளிரல. காபி இருக்கு. சக்கரதான் கம்மி."

மேலே தலை இன்னும் கொஞ்சம் வெளியே நீண்டது.

"வலிக்குமா?"

"முதுகு கொஞ்சம் குலுங்கும்."

"அப்ப அந்தச் செத்தவன எனக்கும் அனுப்பு. கோட்டு மாட்டிட்டு நிக்கறேன்."

ராடோய் அத்தையை மரத்தடிப் பெஞ்சுக்கு மாற்றிவிட்டு நாற்காலியோடு போனான். கதவு திறந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட்டான்: "ஐயா, நான் உயிரோடதான் இருக்கேன். சாமி சத்தியமா." பெஞ்சோ கழுத்து டையைத் தடவிக்கொண்டே ஏமாற்றத்தோடு அவனை மேலும் கீழும் பார்த்தார். "கீழ வெலிகா இருக்கா இல்ல?" என்றார். "இருக்காங்க." "அப்பச் சரி. டைய வேற கட்டிட்டேன்."

அன்றைக்கு மாலைக்குள் அந்த மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் புதைக்கிற துணியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமாக வந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் நிறுத்தத்தில் நிற்காமல் ஆற்றங்கரை வரைக்கும் போய்த்தான் நிறுத்தினாராம்.

விளக்க நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. பீர் பீப்பாய்ப் பசங்கள் படம் போட்டு அழகாகப் பேசினார்கள். ராடோயின் முறை வந்தது. அவன் கடைசி வரிசையில், தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், எழ முடியவில்லை. விஹ்ரா, "பயனாளி பேசட்டும்," என்றார். முன் வரிசையிலிருந்து வெலிகா அத்தை கறுப்பு உடையில் எழுந்தாள்.

"இவன் செத்துட்டேன்னு சொல்லி என்னக் கீழ கொண்டுவந்தான்," என்றாள்.

நடுவர்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். 

"பொய்தான்," என்றாள் அத்தை. "ஆனா பாதிப் படியிலேயே ஒத்துக்கிட்டான். ஃபோன்ல பேசி எங்களக் கொள்ளையடிச்சாங்களே, எனக்கும் வந்துச்சு அந்தக் குரல். தண்ணி மாதிரி தெளிவாப் பேசுவாங்க, ஒரு நடுக்கம் கிடையாது. இவன் மேலேர்ந்து கீழ வரைக்கும் நடுங்கினான். நான் விழுந்துடுவேனோன்னு நடுங்கினான். இந்த நடுக்கத்த யாராலயும் நடிக்க முடியாதுங்க. நான் இனிமே வாரா வாரம் இறங்கப் போறேன். வேற யாரு வந்தாலும் திறக்க மாட்டேன்."

நடுவர் குழுத் தலைவர் கடைசி வரிசையைத் தேடினார். "கிரென்சரோவ், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

ராடோய் எழுந்தான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. தூண் அதிர்ந்ததைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா," என்றாள் அத்தை. "குடுங்க நாற்காலிய."

கொடுத்தார்கள். ஆனால் மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். மேடைப் படி வரைக்கும் வந்தவனுக்கு முட்டி மடங்கிற்று. இரண்டு மாணவர்கள் தாங்கிப் பிடித்து, வேறு வழியில்லாமல், அவனை அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்துப் பட்டையை மாட்டிக் கிளப்பிவிட்டார்கள். அதில் அவன் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. நாற்காலி உறுமிக்கொண்டு ஏறிற்று. பாதியில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். அரங்கம் முழுக்க அவனையே பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று மறுபடி மூடிக்கொண்டான்.